எங்க வகையறாவே அவசரக்காரங்க

என் அம்மாவைப் பெற்றபோது அம்மாச்சிக்கு எட்டு மாதம் நிறையவில்லை. அம்மா என்னைப் பெற்றதும் எட்டாம் மாதத்தில்தான். அக்காவின் மூத்த பையன் 34 வாரத்தில் வந்துவிட்டான். "உங்க வகையறாவே அவசரக்காரங்கப்பா, உள்ள இருக்கப் பொறுமையே கிடையாது" என்று தாய்மாமா ஒவ்வொரு காதுகுத்திலும் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். என் மகள் 31 வாரத்தில் 1,450 கிராம் எடையோடு பிறக்கும்வரை எங்கள் வீட்டில் இது ஒரு பழைய கிண்டல், அவ்வளவுதான். சர்க்கரை, பிரஷர் என்றால் "பரம்பரையா இருக்கு" என்று டாக்டரிடம் முதலில் சொல்கிற குடும்பம் எங்களுடையது. அந்தப் பட்டியலில் பிரசவம் எப்போதும் இருந்ததில்லை.

இந்தப் பதிவை எழுதக் காரணமும் அதுதான். குறைமாதத்தில் பிள்ளை பிறப்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அதை இன்றைக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் உருப்படியாகச் சொல்லிவிடாது. வீட்டில் இருக்கும் பெண்களின் கதைதான் சொல்லும். அந்தக் கதை சரியான வாரத்துக்குள் டாக்டர் காதுக்குப் போக வேண்டும். நான் டாக்டர் இல்லை, நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பிரசவத்தில் பார்த்தது, கேட்டது, அப்புறம் தேடிப் படித்தது எல்லாம் கலந்துதான் எழுதுகிறேன்.

முதல் கர்ப்பத்தில் பதிவு செய்தபோது வழக்கமான கேள்விகள் எல்லாம் வந்தன. வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா, வலிப்பு இருக்கிறதா, சொந்தத்தில் கல்யாணமா, ரெட்டைப் பிள்ளை வழக்கம் உண்டா. "நீங்களே குறைமாசப் பிள்ளையா?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது சிஸ்டரும் எதைத்தான் கேட்பார்.

ஒரு ராத்திரி படுக்கை நனைந்திருந்தது. சிறுநீர் என்றால் அடக்க முடியும், இது அடங்காமல் கசிந்துகொண்டே இருந்தது. வாடையும் இல்லை. பக்கத்து நர்சிங் ஹோமில் ஒரு மாத்திரை கொடுத்து, "காலையில பெரிய டாக்டர் வரட்டும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். விடிந்த பிறகுதான் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே போனதும் போட்ட முதல் ஊசி ஸ்டீராய்டு. குழந்தையின் நுரையீரல் விரியத் தயாராவதற்கான ஊசி அது. முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். எனக்கு அடுத்த ஊசிக்கு நேரம் வருவதற்குள்ளேயே மகள் பிறந்துவிட்டாள். அந்த நர்சிங் ஹோமிலேயே முதல் ஊசியைப் போட்டு உடனே வண்டி ஏற்றியிருந்தால், அவளுக்கு மூச்சுக் கருவி அத்தனை நாள் தேவைப்பட்டிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. இதற்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் விலை மிகக் குறைவான மருந்து. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே போடலாம் என்று 2014லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இதை நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன்.

என்.ஐ.சி.யு. என்ற பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களை விரித்து எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும். ஆனாலும் சிலதைச் சொல்லாமல் போக முடியாது. மூக்கு வழியாக நூல் போன்ற ஒரு குழாய், அதில் மணிக்கணக்குப்படி 2 மில்லி பால். நான் கறந்து கொடுத்த பாலை சிஸ்டர் சிரிஞ்சில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி அளவு பார்த்த விதம், என் தாத்தா தங்கம் எடை பார்ப்பதைப் போலவே இருந்தது. ஒரு சொட்டு சிந்தினால் எனக்குக் கோபம் வரும். எங்கள் வார்டில் பால் ஊறாத அம்மாக்களும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் வந்தது. பவுடர் பாலைவிட அது குடலுக்கு நல்லது என்று அங்கே சொன்னார்கள். கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது.

அப்புறம் கங்காரு முறை. குழந்தைக்கு டயப்பரும் குல்லாவும் மட்டும். வெறும் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து மேலே துணியால் கட்டிவிடுவார்கள். கொலம்பியா நாட்டில் போதுமான இன்குபேட்டர் இல்லாத ஒரு மருத்துவமனையில் 1978ல் தொடங்கியது இது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம், இன்குபேட்டர் இருந்தாலும் முடிந்த சீக்கிரத்தில் இதைத் தொடங்கச் சொல்கிறது. அம்மாதான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்பவர், விடியற்காலை மூன்று மணிக்குக் கடைக்குப் போய்விடுவார். வியாபாரம் முடிந்ததும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து, குளித்துச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்காருவார். மகளைக் கட்டிவிட்டால் அவளுக்கு முன்னால் அவர் தூங்கிவிடுவார். சிஸ்டர் வந்து, "சார், மூச்சு யாருக்குப் பாக்கணும்?" என்பார்.

மகள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து என்னுடைய செக்கப்புக்குப் போனபோதுதான் விஷயம் திறந்தது. அங்கே இருந்த மகப்பேறு டாக்டரம்மா என் வயிற்றைப் பார்க்குமுன் கேட்ட கேள்வி இதுதான்: "நீங்க எத்தனை மாசத்துல பொறந்தீங்கம்மா? கூடப்பிறந்தவங்க? அவங்க பிள்ளைங்க?" நான் மாமாவின் கிண்டலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டார். "அடுத்த தடவை நாள் தள்ளினவுடனே வாங்க. இதை மறக்காமச் சொல்லுங்க, நான் இல்லாட்டியும்."

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். 2020ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள். அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில், வேறு எந்த நாட்டையும்விட அதிகம். காரணங்கள் ஒன்றிரண்டு இல்லை. கிருமித் தொற்று, இரட்டைக் கர்ப்பம், பிரஷர், சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, அதன் வாய் சீக்கிரம் திறப்பது, ரத்தசோகை, புகையிலை, பிள்ளைகளுக்கு நடுவே போதிய இடைவெளி இல்லாதது என்று நீளும். பல பேருக்குக் காரணமே தெரியாமல் வலி வந்துவிடும். பரம்பரை இத்தனைக்கும் நடுவில் ஒரு பங்கு.

எவ்வளவு பங்கு? ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரிகளையும், இரண்டு கருவில் உருவான இரட்டைச் சகோதரிகளையும் ஒப்பிட்டு ஸ்வீடன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எத்தனை வாரத்தில் பிரசவமாகிறது என்பதில் பெண்ணுக்குப் பெண் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 25 முதல் 40 சதவீதம்வரை மரபணுவால் விளங்குகிறது. கணக்கு டீச்சர் என்பதால் இந்த இடத்தில் ஒன்றை அடித்துச் சொல்ல வேண்டும். "உனக்குக் குறைமாதம் ஆக 40 சதவீதம் வாய்ப்பு" என்று இதற்கு அர்த்தமே இல்லை. ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது, தனி ஆளைப் பற்றியது அல்ல.

தனி ஆளுக்குப் பயன்படும் கணக்கு டென்மார்க்கில் கிடைக்கிறது. அங்கே எல்லாப் பிறப்பும் தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டில் இருக்கும். அதை வைத்து 2009ல் வந்த ஆய்வில், அம்மாவுக்கோ கூடப்பிறந்த அக்கா தங்கைக்கோ குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கூடுகிறது என்று தெரிந்தது. அம்மா ஒன்று, அப்பா வேறு என்ற சகோதரிகளிடமும் இந்தத் தொடர்பு இருந்தது. அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் இல்லை. கணவன் வீட்டுப் பெண்களின் வரலாறும் கணக்கில் வரவில்லை. ஆக, தாய்வழி. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நடப்பது ஒன்றரை மடங்கானால் பதினைந்து பேர். மீதி எண்பத்தைந்து பேருக்கு மாதம் நிறைந்துதான் பிறக்கும். பயப்படுவதற்கு அல்ல, முன்கூட்டிச் சொல்லி வைப்பதற்கு இது போதும். தனக்கே முன்பு ஒரு குறைப்பிரசவம் ஆகியிருந்தால் அது இன்னும் வலுவான எச்சரிக்கை.

"அப்படின்னா மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமே" என்று என் தம்பி கேட்டான். அவன் கம்ப்யூட்டர்காரன், எல்லாவற்றுக்கும் டெஸ்ட் உண்டு அவனுக்கு. 2017ல் அமெரிக்காவில் 43,000க்கும் மேற்பட்ட பெண்களின் மரபணுத் தகவலை அலசி, கர்ப்ப காலத்தின் நீளத்தோடு தொடர்புள்ள சில இடங்களைக் கண்டுபிடித்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் தயாராவதில் பங்குள்ள ஒரு மரபணு அதில் இருந்தது. உடல் செலினியம் என்ற தாதுவைப் பயன்படுத்தத் தேவையான இன்னொன்றும் இருந்தது. (உடனே செலினியம் மாத்திரை தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். மரபணுவில் தொடர்பு தெரிவது வேறு, மாத்திரை வேலை செய்வது வேறு.) 2023ல் ஏறத்தாழ 1,95,000 பெண்களை வைத்துப் பார்த்ததில் அப்படிப்பட்ட இடங்கள் 22 ஆகின. இந்தியாவிலும் குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் 'கர்ப்-இனி' என்ற ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மாதிரிகளிலிருந்து 19 மரபணுக் குறிகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இவற்றில் தனித்தனியே ஒவ்வொன்றும் பிரசவத்தைத் தள்ளுவதோ முந்த வைப்பதோ சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு நாளை ஒட்டி. 'குறைமாத ஜீன்' என்று ஒன்று கிடையாது. குழந்தையின் மரபணுவுக்கும் தனியாக ஒரு பங்கு இருக்கிறது, அதில் பாதி அப்பாவுடையது. இதையெல்லாம் கூட்டிக் கழித்து உங்களுக்கு 31 வாரமா 39 வாரமா என்று சொல்லும் டெஸ்ட் இன்றைக்கு எந்த லேபிலும் இல்லை. இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். என்னையும் ஒரு லேப்காரர் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவைச் சேர்த்து ஒரு பெரிய பேக்கேஜ் எடுக்கச் சொன்னார். எங்கள் ஒரு மாத வீட்டுச் செலவு அது. டாக்டரம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வேண்டாம். ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் செய்யப்போறது மாறாது." எந்த டெஸ்டுக்கும் இதைக் கேட்டுப் பார்க்கலாம், ரிசல்ட் வந்த பிறகு வைத்தியம் மாறுமா என்று.

ஒரு விதிவிலக்கு உண்டு. தோல் ரப்பர் மாதிரி இழுபடுவது, மூட்டு அளவுக்கு மீறி வளைவது, சின்னக் காயமே பெரிய தழும்பாவது போன்றவை குடும்பத்தில் ஓடினால் அது எஹ்லர்ஸ் டான்லோஸ் என்ற இணைப்புத் திசு நோயாக இருக்கலாம். அதில் பனிக்குடம் சீக்கிரம் உடையும் வாய்ப்பு கூடும். அப்படி இருந்தால் மரபணு மருத்துவரிடம் போவதில் அர்த்தம் இருக்கிறது.

தாய்வழி என்று தெரிந்தவுடன் வீட்டில் என்ன நடக்கும்? எங்கள் அத்தை (என் மாமியார்) நல்லவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "எங்க பக்கம் எல்லாருக்கும் பத்து மாசம் நெறஞ்சுதான்" என்று வந்த போனவர்களிடம் எல்லாம் சொன்னார். என் அம்மா இன்னொரு பக்கம், "என் வயித்துக் கோளாறு உனக்கும் வந்துருச்சே" என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அத்தையிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர்தான், "ஏம்மா, அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் வந்துருக்கு. அவர் மேல கேஸ் போடவா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு குறைந்தது.

அம்மாவிடம் சொன்னது வேறு. ஒரு குடும்பத்தில் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் அது முழுக்க மரபணு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அம்மாச்சி, அம்மா, பெரியம்மா எல்லாரும் பொழுது விடியுமுன் பூக்காட்டில் குனிந்து மல்லிகை பறித்தவர்கள். பிரசவ வலி வரும்வரை வேலை. எல்லாருக்கும் ரத்தம் குறைவு. எல்லாரும் வரிசையாக ஒன்றரை வருஷத்துக்கு ஒன்று பெற்றவர்கள். ஒரே அடுப்பு, ஒரே புகை. இதில் எது ரத்தத்தில் வந்தது, எது வாழ்க்கையில் வந்தது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? டாக்டருக்கு அதைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வரலாறு தெரிந்தால் போதும்.

தெருவில் ஒருவர், "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்றார். நாங்கள் சொந்தமே இல்லை. சொந்தத்தில் கட்டுவதில் வரும் முக்கியமான சிக்கல் வேறு: இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு பிள்ளையிடம் ஜோடி சேர்வது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த வருஷம் மல்லிகை சீசனில் ஒரு மத்தியானம் அம்மா, பெரியம்மா, சின்னம்மா மூன்று பேரும் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மகளை மடியில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட நோட்டு ஒன்றோடு உட்கார்ந்தேன். "யாருக்காச்சும் குறைப்பிரசவம் ஆயிருக்கா?" என்றால் மூன்று பேரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்தக் கேள்வியே தப்பு. அவர்களுக்குக் குறைப்பிரசவம் என்றால் பிள்ளை தங்காமல் போவது. எனவே வேறு மாதிரி கேட்டேன். வளைகாப்பு எந்த மாதம் போட்டார்கள், அதிலிருந்து எத்தனை நாளில் வலி வந்தது? பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா? பிள்ளை உடனே மார்பில் சப்பியதா, சங்கில் பால் ஊற்றினீர்களா? பஞ்சில் சுற்றி வைத்தீர்களா?

பஞ்சு என்றதும் பெரியம்மா கை நின்றது. "ரெண்டாவதுக்கு வச்சமே. இலவம்பஞ்சு. அரிக்கேன் விளக்கப் பக்கத்துல வச்சுக்கிட்டு உங்க பெரியப்பா ராத்திரி பூராவும் முழிச்சிருந்தாரு." வளைகாப்பு ஏழாம் மாதம், பிறந்தது அதிலிருந்து மூன்று வாரத்தில். வலி தானாக வந்தது. எழுதிக்கொண்டேன். சின்னம்மா மகளுக்கும் சீக்கிரம் பிறந்ததுதான், ஆனால் அது பிரஷர் ஏறி டாக்டர்களே ஆபரேஷன் செய்து எடுத்தது. இதைத் தனியாகக் குறிக்க வேண்டும். தானாக வலி வருவதும், தானாகப் பனிக்குடம் உடைவதும் ஒரு வகை. தாயையோ பிள்ளையையோ காப்பாற்ற டாக்டர் முன்கூட்டி எடுப்பது இன்னொரு வகை. கர்ப்ப கால பிரஷருக்கும் குடும்பத் தொடர்பு உண்டு, ஆனால் அதற்குப் பார்க்கும் வைத்தியம் வேறு.

அப்புறம் அம்மா, நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே, தனக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு ஆண் பிள்ளை இருந்ததைச் சொன்னார். பேர் வைக்குமுன் போய்விட்டதாம். நான் கேள்விப்பட்டதே இல்லை. சின்னம்மாவும் கேள்விப்பட்டதில்லை. கேட்கும்போது இறந்த பிள்ளைகளையும் கேட்க வேண்டும், பொறுமையாக. பெரியவர்கள் மாதக்கணக்கு சொல்லும்போது நடக்கிற மாதத்தைச் சொல்கிறார்களா, முடிந்த மாதத்தைச் சொல்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'எட்டாம் மாசம்' என்பது 30 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம். பிறந்த எடை ஞாபகம் இருந்தால் நல்லது.

'ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது' என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் உண்டு. சுத்தப் பொய். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். இதை நம்பி எட்டாம் மாத வலியோடு கைவிட்ட மாதிரி வீட்டில் கிடந்தவர்கள் கதையும் அன்றைக்குத் திண்ணையில் வந்தது.

இரண்டாவது கர்ப்பம் மகளுக்கு இரண்டரை வயதானபோது. பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே ஒன்றரை வருஷமாவது விடச் சொல்லியிருந்தார்கள். நாள் தள்ளியவுடனே நோட்டோடு போனேன். முதலில் செய்தது தேதியை உறுதி செய்யும் ஸ்கேன், மூன்று மாதத்துக்குள். கடைசி மாதவிடாய்த் தேதியை மட்டும் நம்பினால் கணக்கு தவறலாம். கணக்கே தவறினால் பிள்ளை குறைமாதமா இல்லையா என்பதே தவறும். இந்தியக் குழந்தைகளின் அளவை வைத்தே கர்ப்ப வயதைக் கணிக்க சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத்தில் உள்ள ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, அந்தக் குருகிராம் தகவல்களிலிருந்து தனிச் சூத்திரமே உருவாக்கியிருக்கிறார்கள். ஐந்து மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் தேதி பிசகும் வாய்ப்பு அதிகம். ஆரம்ப ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது கர்ப்பப்பை வாய் நீளம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு 16 வாரத்திலிருந்து 24 வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது போதாது, பிறப்புறுப்பு வழியாகத்தான் சரியாகத் தெரியும். கூச்சமாக இருக்கும், வலிக்காது. சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குட்டை. எனக்கு முதல் இரண்டு முறை நன்றாக இருந்தது. 20 வாரத்தில் 21 மில்லிமீட்டர். எனக்கு எந்த வலியும் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. அந்த ஸ்கேன் எழுதப்படாமல் போயிருந்தால் தெரிந்தே இருக்காது.

இரண்டு நாளில் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார்கள். முதுகில் ஊசி, அரை மணி நேர வேலை, மறுநாள் வீடு. ராத்திரி பிறப்புறுப்புக்குள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையும் கொடுத்தார்கள். அக்காவுக்கு முன்பு வாரா வாரம் இடுப்பில் ஒரு ஹார்மோன் ஊசி போட்டார்கள். அந்த ஊசியால் குறைமாதம் குறையவில்லை என்று பெரிய ஆய்வில் தெரிந்து 2023ல் அமெரிக்காவில் அதன் அனுமதியையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். உங்களுக்கு எழுதினால், எதற்கு என்று கேளுங்கள்.

தையலுக்குப் பிறகு அத்தையும் அம்மாவும் முதல் முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தார்கள்: நான் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. டாக்டரம்மா அவர்களைக் கூப்பிட்டு, படுத்தே கிடந்தால் குறைமாதம் தடுக்கப்படுவதில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும் என்று சொன்னார். பாரம் தூக்காமல், நாள் முழுக்க நிற்காமல் இருந்தால் போதும். ஹெட்மாஸ்டர் நாற்காலி போட்டுப் பாடம் நடத்த அனுமதி கொடுத்தார். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தார்கள். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து. பரம்பரையை மாற்ற முடியாது, இதையெல்லாம் மாற்றலாம்.

24 வாரத்துக்கு முன்பே இன்னொரு முடிவும் எடுத்துவிட்டோம். எந்த நேரத்தில் வலி வந்தாலும் நேரே என்.ஐ.சி.யு. உள்ள மருத்துவமனைக்குத்தான். குழந்தை பிறந்த பிறகு ஆம்புலன்சில் ஏற்றுவதைவிட, வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயை அங்கே கொண்டுபோவது நல்லது. நோட்டின் பின்னட்டையில் வீட்டுக்காரர் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: வயிறு கல்லு மாதிரி விட்டு விட்டு இறுகினால், இடுப்பு வலி வந்து வந்து போனால், தண்ணீர் கசிந்தால், ரத்தம் பட்டால், அடிவயிறு இழுத்துப் பிடித்தால் 108. போனவுடன் சொல்ல வேண்டியது: 'போன பிள்ளை 31 வாரம், தையல் இருக்கு, ஸ்டீராய்டு ஊசி போட்டாச்சா பாருங்க.'

போட வேண்டிய நேரமும் வந்தது. 32 வாரத்தில் ஒரு சாயங்காலம் வயிறு இறுகியது. போன ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி, முழுக் கோர்ஸும் முடிந்தது. வலி நின்றுவிட்டது. 36 வாரம் முடிந்ததும் தையலைப் பிரித்தார்கள். அதற்கடுத்த வாரம் பையன் பிறந்தான், 2,600 கிராம், பிறந்தவுடனே கத்தினான். மாமா ஃபோனில், "இவன் மட்டும் யாரு வீட்டுப் புள்ள?" என்றார்.

குறைமாதப் பிள்ளையோடு வீட்டுக்கு வருபவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு விழித்திரையை 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்பே. கண் வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. நேரம் தவறினால் பார்வை திரும்பாது. அப்புறம் வயதுக் கணக்கு. குப்புற விழுவது, உட்காருவது எல்லாம் பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும், தடுப்பூசி மட்டும் பிறந்த தேதியிலிருந்து. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியம்மாவின் பேத்திக்கு இப்போது முதல் கர்ப்பம். திருப்பூரில் இருக்கிறாள். நோட்டின் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் காட்டியிருக்கிறாள், அவர் பிரதி எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டாராம். வாய் நீளம் 34 மில்லிமீட்டர், தையல் தேவையில்லை, மாத்திரையும் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்து கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். "சித்தி, வளைகாப்ப ஏழாம் மாசம் வைக்கலாமா, ஒம்பதாம் மாசம் வைக்கலாமான்னு பாட்டி சண்டை போடுது" என்று நேற்று ஃபோனில் சொன்னாள். ஏழிலேயே வைக்கச் சொன்னேன்.